ஜே.இ.இ. இயற்பியல்: ஃபார்முலா தெரிந்தும் மதிப்பெண் போகும் இடங்கள்

பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினில் இயற்பியலுக்கு 25 கேள்விகள், 100 மதிப்பெண். 20 கேள்விகளில் நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற 5 கேள்விகளுக்கு விடையை எண்ணாக உள்ளிட வேண்டும். சரியென்றால் 4 மதிப்பெண் கூடும், தவறென்றால் 1 குறையும். எண் விடைக் கேள்விகளுக்கும் இந்தக் கழிவு உண்டு. 2025 முதல் அந்தப் பகுதியில் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் இல்லை. இந்த அமைப்பில் ஒருவரைக் கவிழ்ப்பது படிக்காத பாடம் மட்டுமல்ல. நன்றாகத் தெரிந்த ஃபார்முலாவைப் பொருந்தாத இடத்தில் போடுவதும்தான்.

ஃபார்முலா பட்டியலைச் சுவரில் ஒட்டுவதில் தவறில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எப்போது செல்லும் என்று ஒரு வரி எழுதாததுதான் தவறு. இயக்கச் சமன்பாடுகள் முடுக்கம் மாறாதபோது மட்டுமே பொருந்தும். முடுக்கம் வேகத்தையோ இடத்தையோ பொறுத்து மாறினால் தொகையிடத்தான் வேண்டும். தனி ஊசலின் அலைவுநேர ஃபார்முலாவும் சிறிய கோணத்துக்கு மட்டும்தான்.

உராய்வில் இந்தத் தவறு இன்னும் அப்பட்டம். கிடைத்தளத்தில் 5 கிலோகிராம் கட்டை. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4, 10 நியூட்டன் விசையால் கிடையாகத் தள்ளுகிறோம். உராய்வு விசை எவ்வளவு? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டு, 0.4 × 50 = 20 நியூட்டன் என்று பலர் எழுதிவிடுவார்கள். அது உராய்வு தொடக்கூடிய உச்சம் மட்டுமே. கட்டை நகரவில்லை, ஆகவே உராய்வு 10 நியூட்டன். 20 என்றால் தள்ளிய கட்டை நம்மை நோக்கியே வர வேண்டியிருக்கும்! முதலில் நகருமா என்று பாருங்கள், பிறகு ஃபார்முலாவைத் தொடுங்கள்.

மின்தேக்கியின் தகடுகளுக்கு இடையே மின்காப்புப் பொருளை நுழைக்கும் கணக்கிலும் இதே கதைதான். மின்கலம் இணைப்பில் இருந்தால் மின்னழுத்தம் மாறாது. துண்டித்திருந்தால் மின்னூட்டம் மாறாது. மின்காப்பு மாறிலி 3 என்றால், முதல் நிலையில் சேமித்த ஆற்றல் 3 மடங்காகும். இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். கேள்வியில் ‘துண்டித்த பின்’ என்ற சொல்லைத் தவறவிட்டால் கிடைக்கும் விடையும் பெரும்பாலும் தெரிவுகளில் ஒன்றாக இருக்கும்.

குறிகளுக்கு வருவோம். குவியத் தூரம் 20 செ.மீ. உள்ள குவிலென்ஸின் முன் 30 செ.மீ. தொலைவில் பொருள் இருந்தால், பிம்பம் மறுபுறம் 60 செ.மீ.யில் விழும். பொருளின் தூரத்தை −30 என்று போடாமல் +30 என்று போட்டால் 12 செ.மீ. வரும். இன்னொரு வகைக் குழப்பமும் உண்டு: கண்டுபிடிக்க வேண்டிய பிம்பத் தூரத்துக்கும் முன்கூட்டியே ஒரு குறியைக் கொடுத்துவிடுவது. தெரிந்த அளவுகளுக்கு மட்டும் குறி போடுங்கள், தெரியாதது தன் குறியோடு தானே வெளிவரும். வெப்ப இயக்கவியலில் வேறொரு பொறி: இயற்பியல் நூல்கள் வாயு செய்யும் வேலையை நேர்க்குறியாக எடுத்துக்கொள்ளும், வேதியியலில் வாயுவின் மீது செய்யப்படும் வேலை நேர்க்குறி. ஒரே நாளில் இரண்டையும் எழுதுபவர் எது எங்கே என்று முன்பே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும்.

அலகுகளைப் பற்றி ஓர் எடுத்துக்காட்டே போதும். 27 டிகிரி செல்சியஸில் உள்ள கரும்பொருளை 327 டிகிரிக்குச் சூடாக்கினால் கதிர்வீச்சுத் திறன் எத்தனை மடங்கு? கெல்வினில் 300, 600; திறன் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது, எனவே 16 மடங்கு. செல்சியஸிலேயே வகுத்து நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 21,000 மடங்கைத் தாண்டும்.

செய்முறைத் திறன் பகுதியைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பாடத்திட்டத்தில் இருக்கிறது, ஓரிரு நாளில் முடித்துவிடலாம். இதைவிட மலிவான மதிப்பெண் வேறெங்கும் கிடைக்காது. சிக்கல் சுழிப்பிழையில், அதாவது சுழியைக் காட்ட வேண்டிய கருவி வேறு அளவைக் காட்டுவதில். திருகு அளவியின் மீச்சிற்றளவு (அது அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 மி.மீ., அளவீடு 2.45 மி.மீ., சுழிப்பிழை +4 பிரிவு என்றால் சரியான அளவு 2.41. நேர்ப்பிழையைக் கழிக்க வேண்டும், எதிர்ப்பிழையைக் கூட்ட வேண்டும். வெர்னியரில் கவனம் இன்னும் வேண்டும்: 10 பிரிவுள்ள வெர்னியரின் சுழி முதன்மைக்கோலின் சுழிக்கு இடப்பக்கம் நின்று, 7-ஆவது பிரிவு பொருந்தினால், பிழை −7 பிரிவு அல்ல, −3 பிரிவு. மீச்சிற்றளவு 0.01 செ.மீ. என்றால், அளவீட்டோடு 0.03 செ.மீ. கூட்ட வேண்டும்.

தேர்வறையில் கால்குலேட்டர் கிடையாது. வீட்டில் அதை வைத்துப் பழகினால், அறையில் 2-இன் வர்க்கமூலம் வந்ததும் கை நிற்கும். எண் விடையை அருகிலுள்ள முழு எண்ணாக்கிக் கொடுக்கச் சொல்வார்கள். அதற்காக ஒவ்வொரு படியிலும் முழுமையாக்கினால் கடைசி இலக்கம் தப்பிப் போகும். வர்க்கமூலத்தையும் π-ஐயும் இறுதி வரி வரை அப்படியே கொண்டுபோங்கள்.

தீர்வைப் பார்த்துப் ‘புரிந்துவிட்டது’ என்று நகர்வதும் பழக்கமாகிவிடுகிறது. படம் வரைந்து, விசைகளைக் குறித்து, 10 நிமிடமாவது முட்டிமோதிய பிறகு தீர்வைத் திறங்கள். அதுவும் முதல் வரியை மட்டும். மாதிரித் தேர்வில் போன ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் காரணத்தைக் குறியுங்கள்: நிபந்தனை, குறி, அலகு, கணக்கு, அவசரம். ‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதாதீர்கள், அதை வைத்து எதையும் திருத்த முடியாது. 10 நாள் கழித்து அதே கேள்விகளைத் தீர்வைப் பார்க்காமல் மீண்டும் போடுங்கள்.