நெல்லைச் சீமையில் மிதிவண்டிக் குழுவில் சேர்வது எப்படி?

மிதிவண்டிக் குழு ஒன்றில் சேர விரும்புகிறவர், சந்தா கட்டுவதற்கு முன் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர்களோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். சக்கரம் பஞ்சரானவருக்காக மற்றவர்கள் நிற்கிறார்களா என்று கவனியுங்கள். நிற்காத குழுவில் நட்பு வளராது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் பயணத்துக்கு, சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் சீவலப்பேரி வரை சென்றால் போதும்.

நம் பகுதியில் உண்மையான ஆசான் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றுதான். ஆனி முதல் ஆவணி வரை கணவாய்கள் வழியே அது பலமாக வீசுவதால், உடலில் தெம்பு இருக்கும் அதிகாலையில் அம்பாசமுத்திரம் திசையில் எதிர்காற்றில் சென்று, களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும்படி பாதையை வகுத்துக்கொள்ள வேண்டும். முன்னால் செல்பவர் காற்றைத் தாங்க, பின்னால் வருபவர்கள் அவர் மறைவில் இளைப்பாறி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்வார்கள். முன்பின் தெரியாதவர்களும் இப்படித்தான் நெருங்குகிறார்கள்.

பழகிய பிறகு, தை மாதத்தில், நெல்லையிலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குச் செல்லலாம். வரித்தலை வாத்துகளையும் சங்குவளை நாரைகளையும் காணவேண்டுமானால், ஊர் எல்லையிலேயே பேச்சையும் மணியையும் நிறுத்திவிடுங்கள்.

பாபநாசத்துக்கு அப்பால், 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் தொடங்குகிறது. வனத்துறை அனுமதியின்றி எவரும் உள்ளே அழைத்தால் மறுத்துவிடுங்கள்.