ஜாமரை அடக்கும் ஆண்டெனா வரிசை: கணினியிலேயே செய்து பார்க்கலாம்

ஜிபிஎஸ் சிக்னல் தரைக்கு வந்து சேரும்போது ரிசீவரின் சொந்த இரைச்சலைவிட மெலிந்திருக்கும். சிக்னலைக் கெடுக்க அதே அலைவரிசையில் அலை அனுப்பும் கருவிதான் ஜாமர். சின்ன ஜாமர்கூட ஜிபிஎஸ்ஸை மூழ்கடிப்பது இதனால்தான். ஜாமர் வரும் திசைக்கு மட்டும் காதைப் பொத்திக்கொள்வது அடாப்டிவ் (சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும்) ஆண்டெனா வரிசையின் வேலை. நிஜ ஜாமரை இயக்கிச் சோதிப்பது பல நாடுகளில் குற்றம், தேவையும் இல்லை. பைத்தான் நிரல்மொழியும் அதன் நம்பை கணித நூலகமும் போதும்.

படி 1: வரிசை

ஒரே கோட்டில் நான்கு ஆண்டெனாக்கள், அரை அலைநீள இடைவெளியில். ஜிபிஎஸ்ஸின் 1575.42 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 9.5 செ.மீ.

படி 2: ஃபேஸ்

சாய்ந்து வரும் அலை ஒவ்வொரு ஆண்டெனாவையும் சற்றுத் தாமதமாகத் தொடும். அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே ஃபேஸ். அடுத்தடுத்த ஆண்டெனாக்களுக்கு இடையே ஃபேஸ் வித்தியாசம், 180 டிகிரியைக் கோணத்தின் சைனால் பெருக்கினால் கிடைக்கும். ஜாமர் 20 டிகிரியில் இருந்தால் நான்கிலும் 0, 61.6, 123.1, 184.7 டிகிரி என்று வரும். நமக்கு வேண்டிய சிக்னல் நேரெதிரே 0 டிகிரியில் இருப்பதால் நான்கிலும் ஒரே ஃபேஸ்.

படி 3: தரவு

4 நிரை (ஆண்டெனாவுக்கு ஒன்று), 1000 நிரல் (நேர மாதிரிக்கு ஒன்று) கொண்ட கலப்பெண் அணி. இரைச்சலின் திறன் 1, ஜாமர் 10,000, சிக்னல் 0.01. ஒவ்வொரு ஆண்டெனாவுக்கும் இரைச்சலைத் தனித்தனியாக உருவாக்குங்கள். ஒன்றையே நான்குக்கும் போட்டால் அதுவும் இன்னொரு ஜாமர் போலாகிவிடும்.

படி 4: எடைகள்

கூட்டுவதற்கு முன் ஒவ்வொரு ஆண்டெனாவின் தரவையும் பெருக்கும் கலப்பெண்தான் எடை. முதலில் எடை இல்லாமல் நான்கையும் சும்மா கூட்டிப் பாருங்கள். சிக்னலோடு ஒப்பிட்டால் ஜாமர் 8 டெசிபல்தான் குறையும். சரி, இப்போது தரவு அணியை அதன் இணைக் கலப்பெண் இடமாற்று அணியால் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். கிடைப்பது, ஆண்டெனாக்களின் தரவு ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் 4×4 கோவேரியன்ஸ் அணி. அதன் நேர்மாறை 1, 1, 1, 1 என்ற நிரலால் பெருக்கினால் எடைகள் தயார். 0 டிகிரியில் வரும் சிக்னலின் பெருக்கம் (கெயின்) 1 ஆகும்படி அவற்றை வகுத்துக்கொள்ளுங்கள்.

எடைகளைத் தரவோடு பெருக்கும்போது இணைக் கலப்பெண் எடுக்க மறந்தால், பள்ளம் (வரிசை காதைப் பொத்திக்கொள்ளும் திசை) −20 டிகிரியில் போய் விழும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

படி 5: வரைபடம்

ஒவ்வொரு திசையிலும் வரிசையின் பெருக்கத்தை −90 முதல் 90 டிகிரி வரை டெசிபலில் வரையுங்கள். 20 டிகிரியில் ஆழமான பள்ளம் தெரியும். நான்கையும் சும்மா கூட்டியதோடு ஒப்பிட்டால், இரைச்சலுக்கு எதிரான சிக்னலின் பலம் குறைவது 1 டெசிபலுக்கும் கீழேதான்.

எடைக் கணக்கில் 20 என்ற எண்ணை நாம் எங்குமே கொடுக்கவில்லை. ஜாமரின் திசையைத் தரவே சொல்லிவிட்டது. இந்த முறையின் அழகே இதுதான். இரண்டு ஆண்டெனாக்களில் கோணத்தை வைத்துக் கையால் பள்ளம் தோண்டினால், கேபிளில் 1 டிகிரி ஃபேஸ் பிழை இருந்தாலே ஆழம் 35 டெசிபலோடு நின்றுவிடும். இங்கே அந்தப் பிழையும் தரவுக்குள்ளேயே இருப்பதால் எடைகள் அதற்கும் சேர்த்தே ஈடுகட்டுகின்றன.

செயற்கைக்கோளின் திசை தெரியாவிட்டால் 1, 0, 0, 0 என்ற நிரலைக் கொடுங்கள். அப்போது எடைகள் வெளிவரும் மொத்தத் திறனைக் குறைக்கும். இரைச்சலுக்குக் கீழே இருக்கும் ஜிபிஎஸ் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். வலுவான சிக்னலுக்கு இது ஆகாது, அதையும் சேர்த்தே அடக்கிவிடும்.

அப்புறம், நான்கு ஆண்டெனாக்களால் மூன்று ஜாமர்களைத்தான் சமாளிக்க முடியும். ஜாமரை 5 டிகிரிக்கு நகர்த்திப் பாருங்கள், சிக்னலும் அடிவாங்கும். நிஜக் கருவியிலோ ஜாமரின் பலத்தில் அனலாக்-டிஜிட்டல் மாற்றி உச்சத்தைத் தொட்டுவிட்டால், எந்த எடையாலும் அந்தத் தரவை மீட்க முடியாது.