ராக்கெட் கம்பெனி கதையை நம்புவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

ஒரு ராக்கெட் கம்பெனி உங்களிடம் முதலீடு கேட்டு வந்தால், அது காட்டும் திட்ட அறிக்கையில் "இந்தச் சந்தை இத்தனை லட்சம் கோடி டாலர்" என்ற முதல் பக்கத்தைத் தாண்டிவிடுங்கள். அந்த எண்ணை யாராலும் பொய் என்று நிரூபிக்க முடியாது, அதற்காகத்தான் அதை முதலில் வைக்கிறார்கள். முதலில் தேட வேண்டியது, இன்றைக்குக் காசு கொடுக்கிறவர் யார் என்பதை. ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் முதல் ராக்கெட்டான பால்கன் 1 மூன்று முறை தோற்று, 2008 செப்டம்பரில் நான்காவது தடவைதான் சுற்றுப்பாதையை எட்டியது. ஆனால் கம்பெனி மூச்சுவிட்டது அந்த டிசம்பரில், 12 சரக்குப் பயணங்களுக்கு நாசா 160 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தபோதுதான். அதனால் "ஆர்டர்கள் குவிந்திருக்கின்றன" என்றால் கேளுங்கள்: முன்பணம் வந்ததா? ரத்து செய்தால் அபராதம் உண்டா? இரண்டுக்கும் இல்லை என்றால் அது ஆர்டர் இல்லை, வெறும் விருப்பக் கடிதம்.

அப்புறம், செலவு வேறு, விலை வேறு. ஸ்பேஸ்எக்ஸின் அடுத்த ராக்கெட்டான பால்கன் 9-இன் முதல் கட்டத்தை (முதலில் எரிந்து கழன்றுகொள்ளும் அடிப்பகுதியை) 2017-இலிருந்து திரும்பத் திரும்பப் பறக்கவிடுகிறார்கள். அறிவித்த விலை குறைந்ததா? 2016-இல் 6.2 கோடி டாலராக இருந்தது, பிறகு 7 கோடியை நெருங்கிவிட்டது. மிச்சமானது ஏவுகிறவர் பையிலேயே தங்கியது. ஆகவே "ஏவும் செலவு குறையும், அப்போது நமக்கு லாபம்" என்று ஒரு திட்டம் சொன்னால், அந்த மிச்சத்தை ஏவுகிறவர் இந்தத் திட்டக்காரருக்கு ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பாருங்கள். போட்டியாளர் இல்லாவிட்டால் விடமாட்டார்.

இப்போது பேச்சு முழுக்க விண்வெளி டேட்டா சென்டர், அதாவது கணினிகளைக் கூட்டமாகச் சுற்றுப்பாதையில் வைத்து ஓட்டுவது. வெயில் இலவசம், விண்வெளி குளிர்ச்சி என்பார்கள். வெயில் சரி, சதுர மீட்டருக்கு சுமார் 1,360 வாட். குளிர்ச்சி என்பதுதான் ஏமாற்றுகிறது. வெற்றிடம் என்பது தெர்மாஸ் பிளாஸ்க்கின் சுவர், சூட்டை அது உள்ளேயே பிடித்துவைக்கும். வெப்பம் வெளியேற ஒரே வழி கதிர்வீச்சு. வெப்பத்தைக் கழிப்பதற்கென்று வைக்கும் தகடு ஒன்று 27 டிகிரி செல்சியஸில் இருந்தால், இரண்டு பக்கமும் சேர்த்து, குறையே இல்லாத நிலையில்கூட சதுர மீட்டருக்கு சுமார் 900 வாட்தான் கழிக்கும். 1 மெகாவாட் (10 லட்சம் வாட்) சென்டருக்குக் குறைந்தது சுமார் 1,100 சதுர மீட்டர் தகடு வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் பிரதான அமோனியா குளிரூட்டும் அமைப்பே 70 கிலோவாட்டுக்குத்தான்! தகட்டைச் சூடாக்கினால் பரப்பு குறையும், ஆனால் சிப் எவ்வளவு சூடு தாங்கும் என்ற வரம்பு வந்துவிடும். அந்தத் தகட்டின் எடையை ஒரு கிலோ ஏவும் விலையால் பெருக்கி, சிப் பழசாகிப்போகும் நாலைந்து வருடங்களால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணைத் தரையில் ஒரு வருடத்துக்குக் கட்டும் மின்கட்டணத்தோடு ஒப்பிட வேண்டியதுதான். இந்தக் கணக்கைத் தானே போட்டுக் காட்டாத கம்பெனியை நான் ஒதுக்கிவிடுவேன்.

ராக்கெட்டுக்கு மட்டுமில்லை, இதே மாதிரிக் கதை சொல்லும் குவாண்டம் கணினிக் கம்பெனிக்கும் இது பொருந்தும்: க்யூபிட் (அந்தக் கணினியின் அடிப்படை அலகு) எண்ணிக்கையில் மயங்காமல், வருமானத்தில் ஆராய்ச்சி மானியம் எவ்வளவு, திரும்ப வந்து வாங்கிய வாடிக்கையாளர் எவ்வளவு என்று மட்டும் பிரித்துக் கேளுங்கள்.

கடைசியாக, ராக்கெட் கம்பெனியின் கையிருப்புப் பணத்தை மாதச் செலவால் வகுத்து, அடுத்த ஏவுதல் தோற்றாலும் அதற்கடுத்தது வரை தாங்குமா என்று பாருங்கள். செயற்கைக்கோள் ஏவும் கம்பெனியான வர்ஜின் ஆர்பிட் 2021 டிசம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தது, 2023 ஜனவரியில் ஒரு ஏவுதல் தோற்றது, ஏப்ரலில் திவால் மனு. தொழில் தாங்கினாலும் அதை அனுபவிக்க நீங்கள் பங்குதாரராக உள்ளே இருக்க வேண்டுமே: சுமார் 500 கோடி டாலரில் கட்டிய இரிடியம் என்ற செயற்கைக்கோள் தொலைபேசிச் சேவை 1999-இல் திவாலாகி, புது முதலாளிகளுக்கு 2.5 கோடி டாலருக்குப் போனது. அந்தச் சேவை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.