ஸ்டாண்டிங் ஆர்டர்: மருந்தைக் கையில் எடுக்கும் முன்

தேவைப்பட்டால் கொடுக்கச் சொல்லி ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதுவது வேறு, ஸ்டாண்டிங் ஆர்டர் வேறு. இரண்டாவது, டாக்டர் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்திருக்கும் உத்தரவு; அதில் எழுதியிருக்கும் வரையறைக்குள் வருகிற எல்லோருக்கும் பொது. ஒரு நோயாளி அதற்குள் வருகிறாரா என்று முடிவு செய்வது நர்ஸாகிய நீங்கள். லைசென்ஸ் மாட்டிக்கொள்ளும் இடமும் அதுதான்.

1. எந்தத் தாள்?
சுவரில் ஒட்டியிருப்பதை நம்பாதீர்கள். ஃபைலில் இருக்கும் நடப்புப் பிரதியை எடுத்து, கையெழுத்தையும் தேதியையும் பாருங்கள். மறுஆய்வுத் தேதி தாண்டியிருந்தால் டாக்டருக்குப் போன் போடுங்கள்.

2. யாருக்குக் கூடாது?
நான் சறுக்கியது இங்கேதான். பொட்டாசியம் 3.3 என்று ரிசல்ட் வந்தது. 3.5-க்குக் கீழே போனால் வாய்வழி பொட்டாசியம் கொடுக்கலாம் என்று ஆர்டரில் இருந்தது. சிரப்பைக் கப்பில் ஊற்றியே விட்டேன். சீனியர் சிஸ்டர் தலையைத் திருப்பாமல் கேட்டார்: "கிரியாட்டினின் பார்த்தியா?" பார்க்கவில்லை. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் அந்த ரத்த அளவு 3.2, மிக அதிகம். சிறுநீரும் சரியாகப் போகவில்லை. அந்தச் சிறுநீரகத்தால் கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ஆர்டரின் கடைசியில், சின்ன எழுத்தில், "சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்கவும்" என்று இருந்தது. அன்றிலிருந்து எந்த ஆர்டரையும் கீழிருந்து மேலாகத்தான் படிக்கிறேன்.

காய்ச்சலுக்கான பாராசிட்டமாலும் அப்படித்தான். வலிக்குக் கொடுக்கும் கூட்டு மாத்திரைக்குள்ளும் அது ஒளிந்திருக்கும். 24 மணி நேரக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள்.

3. கொடுத்தாயிற்று, எழுதுங்கள்
"புரோட்டோகால்படி கொடுக்கப்பட்டது" (அதாவது ஸ்டாண்டிங் ஆர்டர்படி) என்று மட்டும் எழுதினால் நாளைக்கு உங்களுக்கே ஒன்றும் புரியாது. இப்படி எழுதுங்கள்: "2.10: சர்க்கரை 54, வியர்வை, நினைவு தெளிவு, விழுங்க முடிகிறது. குளுக்கோஸ் 15 கிராம் வாய்வழி. 2.25: சர்க்கரை 82. 2.30: டாக்டருக்குத் தகவல்." குறித்துக்கொள்ள எனக்குப் பாக்கெட் நோட்டுதான். செல்போனில் சார்ட்டைப் படம் பிடிப்பது வேண்டவே வேண்டாம். நோயாளியின் விவரம் வெளியே போனால் அது தனி வம்பு.

பின்சேர்க்கை: டாக்டர் போனில் "புரோட்டோகால்படி கொடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் நோயாளி பெயர், மருந்து, அளவு, எந்த வழியாக என்று எல்லாவற்றையும் திருப்பி வாசித்து "ஆமாம்" வாங்குங்கள். இரவு 3 மணிக்குச் சலித்துக்கொள்வார்தான். சலித்துக்கொள்ளட்டும்.