யுரேனியக் குண்டு விழுந்த நிலத்தில் வேலை பார்ப்பது எப்படி

ஒரு லிட்டர் பால் பாக்கெட் அளவுக்கு யுரேனியத்தை வார்த்தால் அது 19 கிலோ கனக்கும். அதே அளவு ஈயம் 11 கிலோ சொச்சம்தான். இந்தக் கனத்துக்காகத்தான் டாங்கியைத் துளைக்கும் குண்டின் நடுத்தண்டை யுரேனியத்தில் செய்கிறார்கள். அணு உலைக்கான எரிபொருளைச் செறிவூட்டிய பிறகு மிஞ்சும் கழிவு இது. இயற்கை யுரேனியத்தில் 0.7 சதவீதம் இருக்கும், எளிதில் பிளவுபடும் வகையான யுரேனியம்-235 இதில் 0.2 சதவீதம் அளவுக்கு இறங்கியிருக்கும். அதனால் இதற்குச் செறிவு குறைந்த யுரேனியம் என்று பெயர். இரும்புத் தகட்டில் மோதும்போது இந்தத் தண்டு மழுங்காமல் ஓரம் உதிர்ந்து உதிர்ந்து கூராகிக்கொண்டே போகும். உதிர்ந்த பொடி காற்றில் தானே பற்றி எரியும். படைக்குப் பிடித்த குணம் இதுதான். பின்னால் அந்த நிலத்துக்கு வருகிறவர்களுக்குத் தொல்லை தருவதும் இதே குணம்தான்.

1991 வளைகுடாப் போரில் ஏறத்தாழ 300 டன் இப்படி இறைக்கப்பட்டது. 1994–95இல் பொஸ்னியாவில் சுமார் 10,800 தோட்டாக்கள், 1999இல் கொசோவோவில் சுமார் 31,000. 2003இல் மறுபடி ஈராக். 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் உக்ரைனுக்கும் இந்தக் குண்டுகளைத் தருவதாக அறிவித்தன. கண்ணிவெடி அகற்றுபவர்கள், நிவாரணப் பணியாளர்கள், பழைய இரும்பு வாங்கி விற்பவர்கள், குவைத் அல்லது தெற்கு ஈராக்கின் பாஸ்ரா பக்கம் கட்டுமானத்துக்கும் எண்ணெய் வயலுக்கும் போகிறவர்கள் ஆகியோருக்காக இந்தக் குறிப்பு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இதை அணுகுண்டு போல நினைத்து அரை மைல் தள்ளி நிற்க வேண்டியதில்லை. தண்டின் பெரும்பகுதியான யுரேனியம்-238 விடும் ஆல்ஃபா துகள் காற்றில் 3 செ.மீ. தாண்டாது, தோலின் மேற்படலத்தையும் ஊடுருவாது. அது சிதைந்து உண்டாகும் சேய்ப்பொருளான புரோட்டாக்டினியம்-234எம் விடும் பீட்டா கதிர் மட்டும் தோலைத் தொடும். வெறும் தண்டைக் கையில் பிடித்தால் தோலுக்கு மணிக்கு ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரும். பொதுமக்களின் தோலுக்கு ஆண்டுக்கான வரம்பு 50 மில்லிசீவர்ட். எனவே தண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மொத்தம் 25 மணி நேரத்துக்கு மேல் திரிந்தால் வரம்பு தாண்டிவிடும். ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்றால் ஒன்றும் ஆகாது. உண்மையான ஆபத்து தூசியில் இருக்கிறது. மூச்சில் போகும் கரையாத ஆக்சைடு நுரையீரலில் ஆண்டுக்கணக்கில் தங்கும். கரைந்த பகுதி ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தின் நுண்குழல்களைத் தாக்கும். அந்த இடத்தில் அது ஈயம், காட்மியம் போன்ற ஒரு கன உலோக நஞ்சு. கதிர்வீச்சு இரண்டாம் கணக்கு.

எதைத் தேடுவது என்று பார்ப்போம். டாங்கிகளைத் தாக்கும் அமெரிக்க ஏ-10 விமானத்தின் 30 மி.மீ. தோட்டாவில் இருக்கும் தண்டு 95 மி.மீ. நீளம், 16 மி.மீ. தடிமன், சுமார் 300 கிராம். கட்டைவிரல் தடிமனில் நடுவிரலைவிடச் சற்று நீளம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். அதை மூடியிருந்த அலுமினிய உறை 60 மி.மீ. நீளத்தில் தனியே கிடக்கும். உறை கிடைத்தால் தண்டும் அக்கம்பக்கத்தில்தான் இருக்கும். டாங்கி சுடும் 120 மி.மீ. குண்டின் தண்டு 4 கிலோவுக்கு மேல் இருக்கலாம். புதிதாக விழுந்தது கருப்பாக இருக்கும். மழையில் கிடந்தால் மஞ்சள் படிவு பூக்கும், தொட்டால் மாவாக உதிரும். அந்த மஞ்சள் மாவுதான் கையில் ஒட்டி வாய்க்குப் போவது. பிள்ளைகள் முதலில் எடுத்துப் பார்ப்பதும் அதைத்தான். டங்ஸ்டன் தண்டும் இதே கனத்தில் இருக்கும், ஆனால் அதில் கதிர்வீச்சு அளக்கும் கருவி சத்தம் போடாது.

விமானம் ஒருமுறை சுட்டால் இரண்டு மூன்று வினாடியில் நூறுக்கு மேல் தோட்டா விழும். அவை நேர்கோட்டில், ஒன்றுக்கொன்று 1 முதல் 3 மீட்டர் இடைவெளியில் இறங்கும். அதனால் ஒரு குழியைக் கண்டால் அடுத்ததைச் சுற்றிச் சுற்றித் தேடாதீர்கள். இரண்டு குழிகளை இணைத்து ஒரு கோடு கற்பனை செய்து அதன் வழியே போங்கள். இலக்கில் படுவது பத்தில் ஒன்றுகூடத் தேறாது. மிச்சம் மண்ணுக்குள் போயிருக்கும், இளகிய மண்ணில் மீட்டர் கணக்கில். இந்தத் தோட்டாக்களோடு வெடிக்கும் தோட்டாக்களையும் கலந்தே சுடுவார்கள். எனவே வெடிபொருள் குழு நிலத்தைப் பார்த்து அனுமதி கொடுக்காமல் யாரும் கோட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. யுரேனியம் பத்து வருடம் கழித்துச் செய்யக்கூடியதை வெடிக்காத குண்டு பத்து வினாடியில் செய்துவிடும்.

கருவி விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். காமா அளவை மட்டும் காட்டும் பாக்கெட் கருவி இங்கே உதவாது. தண்டுக்கு ஒரு மீட்டர் தள்ளி அது பின்புல அளவை, அதாவது அந்த இடத்தில் இயல்பாகவே இருக்கும் கதிர்வீச்சைத்தான் காட்டும், ‘பாதுகாப்பான இடம்’ என்று பொய் சொல்லும். அகன்ற, மெல்லிய மைக்கா சன்னல் வைத்த கெய்கர் குழாய் அல்லது பீட்டா சிந்திலேட்டர் (கதிர் பட்டால் மின்னும் பொருளை வைத்து எண்ணும் கருவி) வேண்டும். வேலையைத் தொடங்கும் முன் நூறு மீட்டராவது தள்ளி, அதே மண்ணில், பத்து இடங்களில் பின்புலம் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். கருங்கல், செங்கல், பாஸ்பேட் உரம் போட்ட வயல் எல்லாம் இயல்பாகவே கூடுதலாகக் காட்டும். பிறகு தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில், வினாடிக்குக் கையகலத்துக்கு மேல் நகராமல், 1 மீட்டர் இடைவெளி வரிசைகளில் நடக்க வேண்டும். ஈரமண்ணும் புல்லும் பீட்டாவை விழுங்கும். மழை பெய்த மறுநாள் அளந்து ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிய தாளைக் கிழித்துப் போடலாம். கையகல ஆழத்துக்குக் கீழே புதைந்த தண்டை எந்தக் கைக்கருவியும் மேலிருந்து பிடிக்காது. இதை அறிக்கையில் எழுத மறக்கக்கூடாது.

சுடப்பட்ட டாங்கிதான் மொத்த இடத்திலும் மோசமான பொருள். மோதலில் தண்டின் எடையில் பத்திலிருந்து முப்பத்தைந்து சதவீதம் வரை நுண்தூசியாகும். தூசியில் பெரும்பகுதி டாங்கிக்கு உள்ளேயும் சில பத்து மீட்டர் சுற்றளவுக்குள்ளும் படியும். ஓட்டையின் விளிம்பில் கருப்பு ஏறியிருந்தால் அங்கே முதலில் துடைப்புச் சோதனை செய்யுங்கள். வட்ட வடிகட்டித் தாளால் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. பரப்பை லேசாக அழுத்தித் துடைத்து, தாள் உலர்ந்த பிறகு ஆல்ஃபா கருவியில் வையுங்கள். ஈரத்தாளில் ஆல்ஃபா வெளியே வராது, சுழியம் காட்டும். பழைய சோவியத் வாகனங்களின் அளவுமானிகளில் ரேடியம் பூச்சு இருந்ததுண்டு. முகப்பலகை அருகே மட்டும் காமா எகிறினால் அது ரேடியம், வேறு கதை. டாங்கிக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முகத்தோடு பொருந்தும் பி100 (நுண்தூசியை ஏறத்தாழ முழுவதும் தடுக்கும் தரம்) வடிகட்டி மாஸ்க், தொப்பி வைத்த, ஒருமுறை மட்டும் அணிந்து எறியும் உடுப்பு, இரட்டைக் கையுறை, ரப்பர் பூட்ஸ். அறுவைச் சிகிச்சைத் துணி மாஸ்க்கும் தலைப்பாகைத் துணியும் கணக்கில் சேராது. தாடி வைத்தவர்க்கு மாஸ்க் ஒட்டாது, அவர் வெளியே நின்று குறிப்பெடுக்கட்டும்.

காயலான் கடைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த டாங்கியில் கேஸ் கட்டிங் போடாதீர்கள், கிரைண்டர் வைக்காதீர்கள், உள்ளே துடைப்பத்தால் பெருக்காதீர்கள். படிந்து கிடந்த தூசியை மறுபடி மூச்சில் ஏற்றும் வேலை அது. தெற்கு ஈராக்கில் இத்தகைய வாகனங்கள் பல ஆண்டுகள் திறந்த வெளியில் கிடந்து, பாகம் பாகமாகக் கழற்றப்பட்டன. வாங்கும் லோடில் ஒரு கவசத்தகடு வந்தாலும் இறக்குவதற்கு முன் பீட்டா கருவியை ஓட்டிப் பாருங்கள். உருக்காலை வாசலில் இருக்கும் காமா தூணை நம்ப வேண்டாம், யுரேனியத்தை அது பெரும்பாலும் தவறவிடும்.

தண்டை எடுக்கும் முறை இது. சுற்றிலும் மண்ணை மெல்லத் தெளிப்பானால் நனைக்கவும், சேறாக்க வேண்டாம். நீளப்பிடி இடுக்கியால் தண்டைத் தூக்கி, சுரண்டாமல், தட்டாமல், கெட்டியான பிளாஸ்டிக் பையில் போடவும். அதை இன்னொரு பையில் போட்டு மூடிய இரும்புப் பெட்டியில் வைக்கவும். இரும்பின் தடிமன் பீட்டாவைத் தடுத்துவிடும். ஈரமான சிறு துண்டுகளையும் பொடியையும் காற்றுப்போகாமல் அடைக்கக்கூடாது. யுரேனியம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வெளிவிடும், பெட்டி உப்பும், பொடியாக இருந்தால் திறக்கும்போது பற்றிக்கொள்ளும். உலர்த்தி, சிறு வடிகட்டித் துளை வைத்த பெட்டியில் வைப்பது வழக்கம். தண்டு இருந்த குழியைச் சுற்றி 10 முதல் 20 செ.மீ. மண்ணைத் தோண்டி எடுத்து, மறுபடி அளந்து, பின்புலத்துக்கு இறங்கும் வரை தொடர வேண்டும். மாசு பரவலாக இருக்காது, புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். அதனால் வயல் முழுவதையும் சுரண்டுவது காசுக்கும் மண்ணுக்கும் கேடு. எடுத்ததை ஊர்க் குப்பைக்குழியில் புதைத்தால் வேலை முடிந்ததாக அர்த்தமில்லை, இடம் மாறியதாகத்தான் அர்த்தம். குவைத்திலிருந்து ஏறத்தாழ 6,700 டன் மாசு மணலை 2008இல் கப்பலில் ஏற்றி அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். சுத்தம் செய்வதன் உண்மையான செலவு அப்படிப்பட்டது.

விட்டுவிட்ட தண்டு என்னவாகும் என்பதற்குப் பொஸ்னியா பதில் சொன்னது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தினர் சுமார் ஏழு ஆண்டுகள் மண்ணில் கிடந்த தண்டுகளை எடுத்து நிறுத்தபோது எடையில் கால் பங்கு கரைந்திருந்தது. விழுந்து 25 முதல் 35 ஆண்டுகளில் உலோகமே மிஞ்சாது என்று கணித்தார்கள். கரைந்தது மண்ணில் இறங்கி நிலத்தடி நீரை நோக்கிப் போகும். அங்கே ஓர் இடத்தில் நிலத்தடி நீரில் அதைக் கண்டும் இருக்கிறார்கள், அளவு மிகச் சிறியது.

ஆகவே கிணற்றை ஒருமுறை சோதித்து விட்டுவிடக்கூடாது, ஆண்டுக்கு ஒருமுறை வேண்டும். அமிலத்தில் கழுவிய பாலித்தீன் போத்தலில் ஒரு லிட்டர் எடுத்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அமிலம் சேர்க்காவிட்டால் யுரேனியம் போத்தல் சுவரில் ஒட்டிக்கொண்டு முடிவு குறைத்துக் காட்டும். உலக சுகாதார அமைப்பு 2011 முதல் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். ஆனால் மொத்த அளவு மட்டும் எதையும் நிரூபிக்காது, இயற்கையிலேயே யுரேனியம் மிகுந்த கிணறுகள் உலகெங்கும் உண்டு. ஆய்வகத்திடம் 235க்கும் 238க்கும் உள்ள விகிதத்தைக் கேளுங்கள். 0.0072 என்றால் பாறையிலிருந்து வந்தது. 0.002ஐ நோக்கி இறங்கினால் குண்டிலிருந்து வந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் யுரேனியம் போகாது, நீர் வற்றி இன்னும் கெட்டியாகும். ஆர்.ஓ. அல்லது அயனிப் பரிமாற்ற வடிகட்டி வேலை செய்யும்.

உடம்புக்கான சோதனையும் இதே விகிதத்தில்தான் நிற்கிறது. 24 மணி நேரச் சிறுநீர் முழுவதையும் சேகரித்து, மொத்த யுரேனியம், விகிதம், சிறுநீரின் செறிவைக் கணக்கிட உதவும் கிரியேட்டினின் மூன்றையும் பார்க்க வேண்டும். கூடவே சிறுநீரகக் குழல் பாதிப்பைக் காட்டும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின். ரத்தத்தில் ஏறியதில் பெரும்பகுதி இரண்டு மூன்று நாளில் சிறுநீரில் போய்விடும் என்பதால் தூசி குடித்த அன்றே தொடங்குவது நல்லது. தலைமுடிச் சோதனை, உடம்பு மேல் கெய்கர் பிடிப்பது இவற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள். உடலில் துண்டு தைத்திருந்தால் அறுவை மருத்துவரிடம் அது யுரேனியமாக இருக்கலாம் என்று சொல்லுங்கள். வெறும் இரும்புச் சில்லு போல உள்ளேயே விடக்கூடாது. 1991இல் தங்கள் படையின் குண்டாலேயே காயமுற்ற அமெரிக்க வீரர்களை பால்டிமோரில் 1993 முதல் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். துண்டு உள்ளே இருப்பவர்களின் சிறுநீரில் பல ஆண்டுகள் கழித்தும் யுரேனியம் கூடுதலாகவே இருக்கிறது, ஆனால் சிறுநீரகம் செயலிழக்கும் அளவு பாதிப்பைக் காணவில்லை. இதை வைத்து ‘ஒன்றுமே இல்லை’ என்பவர்கள் அது வளர்ந்த ஆண்களின் சிறு குழு என்பதை மறக்கிறார்கள். ஈராக்கின் பாஸ்ராவிலும் பல்லூஜாவிலும் பிறவிக் குறைபாடு கூடியதாக மருத்துவர்கள் சொன்னதை அப்படியே யுரேனியத்தின் தலையில் கட்டுவதும் சரியல்ல. போருக்கு முந்தைய பதிவேடு சரியாக இல்லை, ஈயமும் எரிந்த குப்பையின் புகையும் அதே ஊரில் இருந்தன.

வேலை முடிந்து வெளியே வரும் வரிசையில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும், மாஸ்க்கை முதலில் கழற்றுவது. பூட்ஸை ஈரத்துணியால் துடை, வெளிக்கையுறையைக் கழற்று, உடுப்பை உள்புறம் வெளியே வருமாறு உருட்டிக் கழற்று, பிறகு மாஸ்க், கடைசியில் உள்கையுறை. பிறகு சோப்புப் போட்டுக் கைகளையும் முகத்தையும் கழுவி, நகக்கண்ணில் கருவி வைத்துப் பார்த்த பின்தான் தேநீரும் பீடியும். அந்த உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. பக்கத்து ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சுருக்கம்: குழிகள் இருக்கும் பகுதியில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள், கிழங்கைக் கழுவித் தோலுரித்துச் சமையுங்கள், கனமான கருந்தண்டு கிடைத்தால் எடுக்காமல் மேலே ஒரு கல் அடையாளம் வைத்துவிட்டு ஆளனுப்புங்கள்.