கூண்டைத் திறந்துவிடாதீர்கள்: வேண்டாத பறவையைக் கைமாற்றும்போது செய்யும் தவறுகள்

முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்டதும் எனக்குப் போன் வர ஆரம்பிக்கும். "அண்ணா, ஊருக்குப் போறோம். லவ் பேர்ட்ஸ் நாலு இருக்குது, நீங்க எடுத்துக்கிறீங்களா?" வியாசர்பாடி, கொடுங்கையூர், புளியந்தோப்பு, பெரம்பூர் என்று வடசென்னையில் எங்கிருந்தாவது ஒரு குரல். வீட்டு ஓனர் கூண்டு வைக்கக்கூடாது என்கிறார். குழந்தைக்கு வீசிங். பார்த்துக்கொண்டிருந்த பாட்டி தவறிவிட்டார். காரணங்கள் எல்லாமே உண்மையானவை, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இத்தனை வருடத்தில் என் கைக்கு வந்து பிழைக்காமல் போன பறவைகளை நினைத்துப் பார்த்தால், அநேகமாக எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது அவசரம்தான். இன்று பொழுது சாய்வதற்குள் கூண்டு காலியாக வேண்டும் என்கிற அவசரம்.

அதில் மிகக் கொடுமையானது, "பாவம், எங்கேயாவது பறந்து பிழைச்சிக்கட்டும்" என்று மொட்டைமாடியில் கூண்டைத் திறந்துவிடுவது. நாம் லவ் பேர்ட்ஸ் என்று கூப்பிடுவது பெரும்பாலும் பட்ஜி. அதன் பூர்வீகம் ஆஸ்திரேலியா. நம் ஊரில் விற்கிற பட்ஜியோ கூண்டிலேயே பொரித்து, கூண்டிலேயே வளர்ந்த பரம்பரை. வெளியே எது தீனி, எங்கே தண்ணீர், எது எதிரி என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. எடை 30, 40 கிராம். மஞ்சளும் வெள்ளையுமாக அது தண்ணீர்த் தொட்டிக் குழாயில் போய் உட்கார்ந்தால் காக்கைகளுக்குப் பளிச்சென்று தெரியும். எங்கள் தெருவில் அப்படி ஒரு மஞ்சள் பட்ஜியைக் காக்கைகள் சூழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன். நான் துண்டோடு மாடி ஏறுவதற்குள் வால் இறகு ஒன்றுகூட மிச்சமில்லை. அது பிழைத்தது, என்னோடு நாலு வருடம் இருந்தது. மற்றவை எல்லாம் அவ்வளவு அதிர்ஷ்டம் செய்தவை இல்லை.

உங்கள் மாடிக்கு இப்படி ஒன்று வந்து சேர்ந்தால் துரத்திப் பிடிக்காதீர்கள். ஒரு கூண்டைத் திறந்து, உள்ளே தினையும் தண்ணீரும் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பசி எடுத்ததும் பெரும்பாலும் தானாக இறங்கும். பிடித்தபிறகு அக்கம்பக்கத்துத் தெருக்களில் விசாரியுங்கள். தப்பிவந்த பறவையைத் தேடி யாரோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கலாம்.

பச்சைக்கிளி விஷயம் வேறு. அதை வாங்குவது, விற்பது, வளர்ப்பது எல்லாமே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. மைனா, சில்லை போன்ற நம் நாட்டுப் பறவைகளுக்கும் பாதுகாப்பு உண்டு. "காசு வாங்கலை, சும்மாதான் கொடுத்தேன்" என்பது இங்கே உதவாது. கிளியைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுப்பது, நல்ல மனசோடு அதை நாமே எடுத்து வைத்துக்கொள்வது இரண்டுமே தவறு. வனத்துறையிடம்தான் ஒப்படைக்க வேண்டும். சென்னையில் கிண்டியில் வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் இருக்கிறது. இறக்கை வெட்டப்பட்ட கிளியைக் காட்டில் விட்டாலும் பறக்காது. அடுத்து இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும்வரை பராமரிப்பில் இருக்க வேண்டும். பத்து வருடம் மனிதர்கள் நடுவில் பேசிப் பழகிய கிளிக்கு அதுவும் போதாது.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, சன் கான்யூர், மக்காவ் போன்ற வெளிநாட்டு இனங்களில் பலவற்றை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதி வந்துவிட்டது. கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) என்கிற சர்வதேசப் பட்டியலில் ஜாவா குருவிகூட இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. பட்ஜிக்கும், தலையில் கொண்டை வைத்த சின்னக் கிளியான காக்டெய்லுக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே பறவையை வாங்கிக்கொள்ளும்முன் அது என்ன இனம் என்று உறுதிப்படுத்துங்கள், பதிவுக் காகிதம் உண்டா என்று கேளுங்கள்.

சரி, பறவை உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. முதல் ராத்திரிதான் ஆபத்து. பரிதாபப்பட்டு பால்சோறு, பாலில் நனைத்த பிரெட் என்று வைக்கிறார்கள். பாலைச் செரிக்கும் சக்தி பறவைக்குக் கிடையாது. சோர்ந்து விழுந்த பறவையின் அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது இன்னும் மோசம், நேராக மூச்சுக்குழலுக்குப் போய்விடும். துளைபோட்ட அட்டைப்பெட்டி, இருட்டு, இளஞ்சூடு, அமைதி, இவ்வளவு போதும்.

தீனியை மாற்றாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பழகாத தீனியைப் பறவை தீனி என்றே எடுத்துக்கொள்ளாது. ஒரு காக்டெய்லுக்கு நல்லது செய்கிறேன் என்று புது வகைத் தீனியாகக் கிண்ணம் நிறைய வைத்து, அது தொடவே இல்லை என்பதை மறுநாள் மாலைதான் கவனித்த குடும்பம் எனக்குத் தெரியும். சின்ன உடம்பு, ஒரு நாள் முழுப் பட்டினியையே தாங்காது. அதனால் கொடுப்பவரிடம் கூண்டையும் மிச்சத் தீனியையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். எத்தனை மணிக்குத் துணி போட்டு மூடுவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா என்றும் கேளுங்கள். கொத்தமல்லி, முருங்கைக்கீரை எல்லாம் மெதுவாகப் பழக்கலாம். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை கிடைக்கும், அது கணவாய் ஓடுதான். காசிமேட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொசுவத்திச் சுருள், சாம்பிராணிப் புகை, அடுப்பில் காய்ந்துபோன நான்ஸ்டிக் தவாவின் ஆவி எதுவும் பக்கத்தில் வேண்டாம். தவா விஷயத்தில் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். சிமென்ட் ஷீட் கூரைக்கு அடியில் மே மாத மதியம் கூண்டை வைக்காதீர்கள்.

நானே செய்த தவறு ஒன்று இருக்கிறது. கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த இரண்டு பட்ஜிகள் சுறுசுறுப்பாகத்தான் தெரிந்தன. தனிக் கூண்டு இல்லை என்று நேராக என் பறவைகளோடு விட்டேன். மூன்று வாரத்தில் ஒன்பது போய்விட்டன, பழசும் புதுசுமாக. பறவை நோயைக் கடைசிவரை மறைக்கும், காட்டில் பலவீனத்தைக் காட்டினால் அதுதான் முதல் இரை. இறகைச் சிலுப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுகிறதென்றால் ஏற்கெனவே நேரம் கடந்துவிட்டது, உடனே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். புதிதாக வருவதை வேறு அறையில் 30 நாளாவது தனியாக வையுங்கள். மனிதருக்குத் தொற்றக்கூடிய கிளிக் காய்ச்சலும் உண்டு, எச்சத்தைக் காயவிட்டுப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

அடுத்தது, கொடுக்கும்போது நடப்பது. முதலில் போன் செய்தவருக்கே கொடுத்துவிடுகிறோம். இலவசம் என்றால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்பதற்காகவே வாங்கிப்போகிறவர்களும் வருவார்கள். வீட்டைப் போய்ப் பாருங்கள். பூனை இருக்கிறதா, மாடிக் கூண்டுக்கு நிழல் உண்டா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். கோபப்பட்டால் படட்டும். காக்டெய்ல் 15 வருடத்துக்கு மேல் இருக்கும் என்று சொல்லுங்கள். கேட்டவுடன் பாதிப்பேர் யோசிப்பார்கள், யோசிக்கட்டும். ஜோடியாகக் கொடுக்கும்போது முட்டையிட வைக்கும் பானையைக் கொடுக்காதீர்கள். பானை இருந்தால் முட்டை, முட்டை இருந்தால் அடுத்த வருடம் இருபது பறவை, மறுபடியும் அதே போன். வளர்ந்த பட்ஜியில் அலகுக்கு மேலே மூக்குத் துளையைச் சுற்றி நீலமாக இருந்தால் பெரும்பாலும் ஆண், பழுப்பாக இருந்தால் பெண். இரண்டு ஆண்களும் சண்டையில்லாமல் நன்றாக வாழும்.

புறாவுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது. காலில் வளையம் போட்ட ஹோமர் (பந்தயப் புறா) ஒன்று உங்கள் மாடியில் இறங்கினால் அது கைவிடப்பட்ட பறவை என்று அடைத்துவிடாதீர்கள். பந்தயத்தில் களைத்து இறங்கியிருக்கும். கம்புத் தானியமும் தண்ணீரும் வையுங்கள், ஓரிரு நாளில் தெம்பு வந்து கிளம்பிவிடும். கிளம்பாவிட்டால் வளையத்தில் வருடமும் எண்ணும் இருக்கும், பேட்டையில் புறா விடுகிறவர்களிடம் காட்டுங்கள்.

புளியந்தோப்பிலிருந்து, நகரின் தெற்கே இருக்கிற பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட ஒரு பெரியவர் தன் ஹோமர்களையும் கூடவே கொண்டுபோனார். ஒரு மாதம் அடைத்து வைத்தார், பழகியிருக்கும் என்று நம்பித் திறந்துவிட்டார். அத்தனையும் பழைய இடத்துக்கே வந்துவிட்டன. அங்கே வீடு இல்லை, இடித்த கல்தான் இருந்தது. அதன்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பக்கத்துப் பையன்கள் போன் செய்ய, நாங்கள் போய்ப் பிடித்தோம். வளர்ந்த ஹோமரை வேறு இடத்துக்குக் கொடுத்தால் திறக்கவே கூடாது. விசாலமான கூண்டில் உள்ளேயே இருக்க வேண்டும், அது பொரிக்கும் குஞ்சுகளைத்தான் புது இடத்தில் பறக்கவிடலாம். இப்போது பெரும்பாக்கத்தில் அவருடைய பழைய புறாக்கள் உள்ளேயே இருக்கின்றன. குஞ்சுகள் ஆறு, காலையில் அந்த பிளாக்குகளுக்கு மேலே வட்டமடித்துவிட்டு அவர் விசில் அடித்ததும் இறங்குகின்றன.