அண்ணன் நடித்துக் காட்ட வேண்டாம்: பள்ளி நாடகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்தால் மதுரையின் கிறிஸ்தவப் பள்ளி வராந்தாக்களில் மேய்ப்பர்களும் வானதூதர்களும் நடமாடத் தொடங்கிவிடுவார்கள். அரையாண்டுத் தேர்வும் அதே மாதத்தில்தான். அதனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை பதினொன்றாம் வகுப்பு அண்ணன், அக்காக்களிடம் ஒப்படைத்துவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விடுகிறோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அண்ணனுக்கு என்ன வேலை என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

நானும் அப்படி விட்டவன்தான். ஒரு வருடம் கிறிஸ்துமஸ் நாடகத்தில், தங்க இடம் கேட்டு வரும் மரியாளையும் யோசேப்பையும் திருப்பி அனுப்ப மூன்று சத்திரக்காரர்கள். மூவருக்கும் பொறுப்பு, எங்கள் பள்ளியிலேயே நன்றாக நடிக்கும் பையன். அவன் இடுப்பில் கை வைத்து, “இங்கே இடமில்லை!” என்று முழங்கிக் காட்டினான். நாடகத்தன்று மூன்று வாண்டுகளும் அதே இடுப்பு, அதே கை, அதே முழக்கம். மூன்றாவது கதவு திறந்தபோது சபையே சிரித்துவிட்டது. மரியாளாக நடித்த பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது.

முதல் தவறு அதுதான், நடித்துக் காட்டுவது. சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில், 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்றவற்றில், வாத்தியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லித்தான் பையன்கள் பாடம் பண்ணினார்கள். அவர்களுக்கு நாடகமே வாழ்க்கை. நமக்கோ பள்ளி விட்டபின் முக்கால் மணி நேரம். அதில் கிடைப்பது நகல் மட்டுமே.

காட்டுவதற்குப் பதில் கேட்க வேண்டும். பைபிளில் லூக்கா 2:7-இல் சத்திரத்தில் இடமில்லை என்ற செய்தி மட்டும்தான் இருக்கிறது. சத்திரக்காரர் என்று ஒருவரே வருவதில்லை. அவர் கோபக்காரர் என்று யார் சொன்னது? அடுத்த வருடம் ஓர் அக்கா தன் பொறுப்பில் இருந்த ஆறாம் வகுப்புத் தம்பியிடம் இப்படிக் கேட்டாள்: “அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு உங்க வீடு நெறய சொந்தக்காரங்க. ராத்திரி இன்னும் ரெண்டு பேரு வந்து நிக்கிறாங்க. உங்கம்மா என்ன சொல்லுவாங்க?” பையன் யோசித்துவிட்டு, “இடமில்லைங்க... சாப்பிட்டாவது போங்க” என்றான். நாடக வசனத்தில் இல்லாத வார்த்தை. அப்படியே வைத்துக்கொண்டோம்.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரிந்தது. நன்றாக நடிப்பவரே நன்றாகச் சொல்லித் தருவார் என்று நினைக்கக் கூடாது. அந்த அக்கா முந்தைய வருடம் மேடையில் வசனம் மறந்து நின்றவள். பயம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளை தடுமாறியவுடன் வசனத்தை எடுத்துக் கொடுக்கவும் மாட்டாள். மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் முதல் சொல்லைத் தருவாள்.

ஒத்திகைக்கு முன் ஜெபம் செய்வது நம் வழக்கம். அதற்குள்ளேயே திட்டுவது சில அண்ணன்களுக்குக் கைவந்த கலை. “ஆண்டவரே, தினமும் லேட்டாக வரும் தம்பிக்கு நல்ல புத்தி கொடும்” என்றால் கண்ணை மூடியிருக்கும் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரியும். குறையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். அதுபோல, குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடிய அரசன் ஏரோதாக நடிக்கும் பையனை வகுப்பிலும் ஏரோது என்று கூப்பிட விடாதீர்கள். நடிக்கும் பிள்ளைகளில் பலர் கிறிஸ்தவர்கள் இல்லை என்பதையும் பெரிய பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். ‘மேசியா’ என்றால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டால் சிரிக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கடைசித் தவறு, ரகசியம் காப்பது. கூட இருந்து பழகும் அக்காவிடம்தான் சின்னப் பிள்ளைகள் வீட்டுக் கதையெல்லாம் சொல்வார்கள். “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று பெரியவள் சத்தியம் செய்துவிடுகிறாள். அடி, தொல்லை, பட்டினி போன்ற விஷயமென்றால் பதினாறு வயதுப் பெண் தாங்கக்கூடிய பாரமல்ல அது. பாலியல் தொல்லை பற்றித் தெரியவந்தால் புகார் செய்வது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். பெரியவர்கள் மறைத்தால் அது குற்றம். பள்ளியின் பெயர் கெடும், திருச்சபையில் பேசுவார்கள் என்ற சாக்கெல்லாம் இங்கே செல்லாது. “உனக்கு உதவி வேணும்னா மிஸ்கிட்ட சொல்லுவேன்” என்று முதல் நாளே தம்பி தங்கைகளிடம் சொல்லிவிடும்படி பெரிய பிள்ளைகளைப் பழக்குகிறேன். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ வசனத் தாளின் பின்பக்கத்தில் எல்லோரும் எழுதிக்கொள்கிறார்கள்.